பாடு இருநூற்று முப்பத்தைந்து மீற்றர் நடந்த காலை

தை மாதத்து ஒரு காலை, ஒன்பது மணிக்கு, ஆலங்குடாக் கரையில் பூட்டிக் கிடந்த வலைவாடிக் கொட்டிலுக்கு முன்னால் நின்றவர்கள்:

கரைவலைச் சம்மாட்டி பீற்றர், அதாவது வலையின் முதலாளி. வெள்ளைச் சட்டை, முதுகில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணம்.

அவர் மனைவி அனஸ்தாசியா. இவளுடைய குரலைப் பற்றிப் பிறகு.

பீற்றரின் அக்கா மகள் சுஜாந்தி. கையில் ஒரு போன், பையில் இன்னொரு போன்.

கடற்றொழில் பரிசோதகர் பதியுதீன். புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்தவர்.

வலை இழுப்பவர்கள் பதினெட்டுப் பேர்.

மாக்கிறட் அக்கா. யாரும் அழைக்கவில்லை. அவருடைய கறுப்பு ஆட்டையும் யாரும் அழைக்கவில்லை.

வருவதாகச் சொல்லி வராதவர்: பட்ட ஹோட்டல் மனேஜர் கிளைட்டன். இருநூறு மீற்றர் தள்ளி, ஹோட்டல் சாப்பாட்டறையில், விருந்தாளிகளோடு உட்கார்ந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தார்.

கடலில் வளைத்துக் கரையில் நின்று இழுக்கும் கரைவலையை நினைத்தவர் நினைத்த இடத்தில் போட முடியாது. இந்தத் துண்டுக் கரை இன்னாருக்கு என்று அரசாங்கம் பதிந்து கொடுக்கும். அதற்குப் பெயர் பாடு. பீற்றரின் பாடு அவருடைய தகப்பன் காலத்தில், அறுபத்தேழாம் ஆண்டில் பதிந்தது. பத்திரத்தோடு ஒரு வரைபடம் உண்டு. அதில் நாலு மூலைக்கும் பாகை, கலை, விகலை என்று மூன்று மூன்று எண்கள். மூலைக்கு ஒரு கல்லும் நட்டிருந்தார்கள். மூன்று கற்களைக் கடல் கொண்டுபோனது. நாலாவது கல் என்ன ஆனதென்று கேட்டால் எல்லோரும் கடலைத்தான் காட்டினார்கள். அனஸ்தாசியா மட்டும் வேறு பக்கம் பார்த்தாள்.

சண்டை முடிந்து ஏழு வருடத்தில் கரையெல்லாம் ஹோட்டலாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டம் கட்டிக்கொண்டு, பலகையில் நின்று கடலில் சறுக்க வந்தார்கள். ஊர் அதைப் பட்ட ஹோட்டல் என்றது. கார்த்திகை மாதம் கிளைட்டன் தன் ஹோட்டல் காணியின் பழைய வரைபடத்து எண்களைப் போனில் போட்டுப் பார்த்தார். காணியின் மேற்கு எல்லை கடலுக்குள்ளே கிடந்தது. கிளைட்டன் குழம்பவில்லை, மகிழ்ந்தார். கடல் எங்கள் காணியைத் தின்றிருக்கிறது, அப்படியானால் மிச்சக் கரை தண்ணீர் வரைக்கும் எங்களுடையது என்று முடிவு செய்தார். கரையில் நின்ற வலைவாடியிலிருந்து வலைகளை வெளியே எடுத்துத் தறப்பாளால் மூடினார். வாடிக்குள் பட்டங்களை அடுக்கினார். பளபளவென்று ஒரு பூட்டுப் போட்டார்.

அன்றிலிருந்து எலிகளுக்குக் கொண்டாட்டம். வலையில் ஓட்டை விழ விழ, பதினெட்டுப் பேரும் மீன் பிடித்த நேரத்தைவிட முடிச்சுப் போட்ட நேரம் அதிகம்.

பீற்றர் புத்தளத்துக்குப் பஸ் ஏறினார். பதியுதீன் ஒரு நிபந்தனை சொன்னார். பாட்டின் நாலு மூலையும் நிலத்தில் எங்கே இருக்கின்றன என்று இந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும். காட்டினால் அனுமதி புதுப்பிக்கப்படும், வாடி பாட்டுக்குள் இருந்தால் பூட்டும் கழலும். காட்டாவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் வாடியும் இல்லை, கரையும் இல்லை.

"நான் காட்டுறன் மாமா," என்றாள் சுஜாந்தி.

அவள் கொழும்பில் மூன்று வருடம், ஓட்டோக்கள் எங்கே நிற்கின்றன என்று போனில் காட்டும் கம்பனியில் இருந்தவள். மேலதிகாரியோடு சண்டை பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். வந்த கையோடு மீனவர் சங்கத்துக்கு ஒரு செயலி எழுதினாள். பட்டக்காரர்கள் அதைப் போனில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போக வேண்டும். வலை கடலில் இருக்கும்போது பீற்றர் தன் போனில் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். அதன்பிறகு பாட்டுக்குள் வருகிற பட்டக்காரர் போன் எல்லாம் சத்தம் போடும். என்ன சத்தம் வைப்பது என்று யோசித்து, சங்கு, மணி, நாய் எல்லாம் வைத்துப் பார்த்து, கடைசியில் அனஸ்தாசியாவைக் கத்தச் சொல்லிப் பதிந்தாள்.

"ஏய்! ஆரடா அது? வலைக்கு மேல வாறாய்! தள்ளு! தள்ளடா அங்கால!"

ஒரு ஜேர்மன்காரர் முதல் தடவை கேட்டபோது பலகையிலிருந்து விழுந்தார். ஆனாலும் நல்ல ஏற்பாடு என்று ஹோட்டல் ஒத்துக்கொண்டு, விருந்தாளிகள் எல்லோருடைய போனிலும், மனேஜரின் போனிலும் போட்டுக் கொடுத்தது.

இனி, சுஜாந்தி செய்த பிழை.

முதலில் பத்திரத்து எண்களைச் செயலியில் போட்டபோது பாடு முழுவதும் கடலுக்குள் போய் விழுந்தது. ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. பசி வேறு. நாலு மூலைகளையும் விரலால் பிடித்து இழுத்து, கண்மதிப்பில், கரையில் கொண்டுவந்து வைத்தாள். சேமித்தாள். சாப்பிடப் போனாள். யாருக்கும் சொல்லவில்லை. ஒரு மாதம் எல்லாம் சரியாகவே நடந்தது.

பிறகு காரணம் தெரிந்தது. பழைய அளவைக்காரர்கள் பூமியை ஓர் அளவான உருண்டை என்று எடுத்துக்கொண்டு, கந்தவல என்ற இடத்தில் காலூன்றி, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் வேறு அளவான உருண்டையை வைத்து, பூமியின் நடுவிலிருந்து எண்ணுகிறது. இரண்டு பேரும் பிழையில்லை. ஆனால் பழையவர்களின் எண்ணைச் செயற்கைக்கோளிடம் அப்படியே கொடுத்தால், அது ஏறத்தாழ இருநூற்று முப்பத்தைந்து மீற்றர் மேற்கே போய் விழும். ஆலங்குடாவில் மேற்கே என்றால் கடல்.

சுஜாந்தி துள்ளினாள். பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்றும் கணக்கைச் செயலியில் எழுதினாள். கோயிலின் பழைய எண்ணைப் போட்டுச் சோதித்தாள். அது கோயில் முற்றத்திலேயே வந்து குந்தியது. பாட்டைச் சோதிக்கவில்லை. பாடுதான் ஏற்கெனவே சரியாக இருக்கிறதே!

ஏற்கெனவே சரியாக இருந்ததுதான் வினை.

"எனக்கி இந்தப் படமெல்லாம் வெளங்காது தங்கச்சி," என்றார் பதியுதீன், ஹெல்மெட்டோடு. "நாலு மூலையும் எங்க ஈக்கிதுன்டு காட்டுங்க. நான் எழுதிக்கிட்டுப் போறன்."

"இப்ப பாருங்கோ சேர். மாமா, வலை கடலில எண்டு அமத்துங்கோ. சத்தத்தையும் காட்டுவம்."

பீற்றர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். சுஜாந்தி புதிய கணக்கை எல்லாப் போன்களுக்கும் அனுப்பினாள்.

திரையில் இருந்த பச்சைக் கட்டம் ஒரு தடவை நடுங்கியது. பிறகு கிளம்பியது. வாடியைத் தாண்டியது, தென்னைகளைத் தாண்டியது, ஹோட்டலின் நீச்சல் தடாகத்தை விழுங்கியது, சாப்பாட்டறைக்கு மேலே போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்தது.

இரண்டு கணம் ஒன்றுமில்லை. பிறகு இருநூறு மீற்றர் தூரத்திலிருந்து, காற்றில், பதினொரு அனஸ்தாசியாக்கள் ஒரே நேரத்தில் கத்துவது கேட்டது.

"ஏய்! ஆரடா அது? வலைக்கு மேல வாறாய்!"

தட்டு உடைந்த சத்தம். ஒரு பெண் அலறிய சத்தம். பிறகு மறுபடியும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தள்ளு, தள்ளு, தள்ளடா அங்கால, தள்ளடா அங்கால.

பதினெட்டுப் பேரும் மணலில் குந்திவிட்டார்கள். சிரிப்பில் ஒருவனுக்கு விக்கல் பிடித்தது. ஆடு பயந்து பதியுதீனின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்தது.

"அட, என்ர குரல் இவ்வளவு தூரம் போகுமா?" என்றாள் அனஸ்தாசியா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சுஜாந்தி சிரிக்கவில்லை. போனைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் இழுத்து வைத்ததை மறுபடியும் கணக்கு இழுத்திருக்கிறது. ஒரே தூரம், இரண்டு தரம்.

கிளைட்டன் ஓடி வந்தார். கழுத்தில் துடைக்கும் துணி தொங்கியது, நாடியில் ஜாம். பின்னால் அந்த ஜேர்மன்காரர், காற்சட்டை மட்டும் போட்டபடி, போனைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு. அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தென்னைகளைத் தாண்டி வந்ததும் வாயை மூடியது. ஜேர்மன்காரர் ஓரடி பின்னால் வைத்தார். கத்தியது. முன்னால் வைத்தார். நின்றது. அவருக்கு அது பிடித்துப் போய்விட்டது, தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்.

"அனே சேர், பாருங்கோ இவையட வேலையை!" என்றார் கிளைட்டன். "முதல்ல கரை தங்கடதாம். இப்ப ஹோட்டலும் தங்கடதாம்! நாளைக்குச் சிலாபத்தில இருக்கிற எங்கட அம்மாட வீட்டையும் பாட்டுக்க போடுவினம்!"

"உங்கட அம்மாட வீட்டில மீன் இல்ல," என்றாள் அனஸ்தாசியா.

பதியுதீன் இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். அது நல்ல அறிகுறியல்ல.

"தங்கச்சி. போன மாசம் இந்தப் பாடு கரையில ஈந்திச்சி. இப்ப ஹோட்டல்ல ஈக்கிது. பாடு நடக்குமா?"

சொல்லாமல் விட்டால் அவள் கெட்டிக்காரி, செயலிக்குத்தான் ஏதோ கோளாறு. சொன்னால் பாட்டுக்கே ஆபத்து. பீற்றர் மாமா அவளைப் பார்த்தார். தறப்பாளுக்குள் எலி ஒன்று ஓடியது.

"நான்தான் சேர் இழுத்தனான்," என்றாள். "போன மாசம் கடலுக்க விழுந்திச்சு. விரலால இழுத்துக் கரையில வச்சனான். பிறகு அதை மறந்து கணக்கையும் போட்டிட்டன்."

"விரலால!" கிளைட்டன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "சேர், கேட்டீங்களா? விரலால! அரசாங்கப் பாடு இவட விரல் நுனியில!"

பதியுதீன் பேனையை மூடினார். பதினெட்டுப் பேரின் சிரிப்பும் அதோடு மூடியது.

"அப்ப நான் எழுத ஒண்டுமில்ல பீற்றர் நானா. விரலால இழுத்ததை நான் எப்பிடி எழுதுற?"

"எழுத வேண்டாம் சேர்," என்றாள் சுஜாந்தி. "அழிக்கிறன். பத்திரத்தில என்ன இருக்கோ அதை மட்டும் உங்கட கண்ணுக்கு முன்னால போடுறன். நீங்களே வாசியுங்கோ."

பீற்றர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்தார். பதியுதீன் வாசிக்க வாசிக்க அவள் போட்டாள். கணக்கைப் போடவில்லை, வெறும் எண்கள். பச்சைக் கட்டம் ஹோட்டலை விட்டுக் கிளம்பி, எல்லோருடைய தலைக்கு மேலாலும் பறந்து, கடலில் விழுந்தது.

தென்னை ஓரத்தில் ஜேர்மன்காரரின் போன் சத்தத்தை நிறுத்தியது. அவர் அதைக் குலுக்கிப் பார்த்தார்.

"சரியாப் போச்சு!" கிளைட்டன் தொடையில் அடித்துச் சிரித்தார். "பீற்றர் அண்ணே, உங்கட பாடு கடலுக்க! இனி மீன் கரையில நிண்டு உங்களை இழுக்கட்டும்!"

சுஜாந்தி அவரைப் பார்த்தாள். சிரிப்பில் அவருடைய கழுத்துத் துணி ஆடியது. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அது வந்த வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கினாள்.

"கிளைட்டன் அண்ணே, உங்கட காணிப் படமும் போனிலதானே இருக்கு? அதையும் ஒருக்காப் பாப்பமா?"

"பாருங்கோவன்! எனக்கு என்ன மறைக்கக் கிடக்கு?" கிளைட்டன் போனைப் பதியுதீனிடம் நீட்டினார். "இந்தாங்கோ சேர். மேற்கு எல்லை. எங்க கிடக்கு? கடலுக்க. கடல் அரிச்சுப் போட்டுது. மிச்சம் எங்கட. வாடி இதுக்குள்ள. பூட்டு ஞாயம்."

"மேற்கு சரி," என்றாள் சுஜாந்தி. "கிழக்கால தள்ளிக் காட்டுங்கோ."

"கிழக்க என்ன? கிழக்க றோட்டுத்தானே."

"ஓம். றோட்டைக் காட்டுங்கோ."

கிளைட்டன் திரையை விரலால் தள்ளினார். அந்தப் பக்கம் அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கடல் பக்கத்து எல்லையைத் தினமும் பார்த்திருக்கிறார், நித்திரைக்கு முன்னும் பார்த்திருக்கிறார். கிழக்கு எல்லைக்கோடு றோட்டில் இல்லை. ஹோட்டல் படலையிலும் இல்லை. நீச்சல் தடாகத்துக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவால், வாழைக்குலையை வெட்டின மாதிரி, நேராகப் போனது. சாப்பாட்டறை வெளியே. குசினி வெளியே. அலுவலகம் வெளியே. படலை, பெயர்ப்பலகை, மனேஜர் படுக்கிற அறை, எல்லாம் வெளியே.

"இது... இது என்ன?" என்றார் கிளைட்டன்.

"உங்கட காணி அண்ணே. மேற்கால கடலுக்க போன காணி கிழக்கால நீளாது. முழுசா நகந்திருக்கு."

பதியுதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அப்ப இந்தச் சாப்பாட்டறை ஆருட?"

"றோட்டுக்கு அங்கால காணி என்ர. அதுவும் இந்தப் பக்கம் நகந்திருக்கும்," என்றார் மாக்கிறட் அக்கா. இவ்வளவு நேரம் வாய் திறக்காதவர் மெல்ல முன்னால் வந்தார். "அப்ப நான் என்ர சாப்பாட்டறையிலதான் இவ்வளவு நாளும் சாப்பிடாம இருந்திருக்கிறன். முட்டை இருக்கா தம்பி?"

பதினெட்டுப் பேரும் மறுபடியும் மணலில் விழுந்தார்கள். விக்கல்காரனை முதுகில் அடிக்க வேண்டியிருந்தது. ஆடு, உரிமை கிடைத்த மாதிரி, ஹோட்டல் பக்கம் நடக்கத் தொடங்கியது.

"சேர், இது பிழை!" கிளைட்டனின் குரல் ஏறியது. "படம் பிழை! ஹோட்டல் ஒரிஜினல் இடத்திலதான் இருக்கு! இதை அங்கால தள்ள வேணும்! மிஸ், தள்ளுங்கோ! நீங்கதானே தள்ளுறதில கெட்டிக்காரி!"

"விரலாலயா?"

"எதாலயாவது!"

பதியுதீன் சிரிக்கவில்லை. ஆனால் மீசை அசைந்தது. "தங்கச்சி, ஏன் இப்பிடி நகருது? எனக்கி வெளங்கிற மாதிரிச் செல்லுங்க."

"சேர், ஒரு தெரு. ஒருத்தர் பள்ளிவாசல் பக்கமிருந்து வீட்டை எண்ணுறார். மற்றவர் சந்தைப் பக்கமிருந்து எண்ணுறார். அவர் சொல்லுற பத்தாம் வீட்டுக்கு இவர் கலியாணக் கடதாசி கொண்டு போனா?"

"வேற ஆக்களுட கலியாணத்தில புரியாணி தின்னுவான்."

"அதுதான். பழைய படம் ஒரு பக்கமிருந்து எண்ணினது. போன் மற்றப் பக்கமிருந்து எண்ணுது. எவ்வளவு வித்தியாசம் எண்டு கணக்கு இருக்கு. நான் கண்டுபிடிச்ச கணக்கு இல்ல, நில அளவைக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்சது. அதைப் போட்டா அண்ணேட ஹோட்டல் அதிண்ட இடத்துக்கு வரும்."

"போடுங்கோ!" என்றார் கிளைட்டன்.

"பொறுங்க," என்றார் பதியுதீன். அவர் பீற்றரின் பத்திரத்தையும் கிளைட்டனின் போனிலிருந்த பழைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்திருந்தார். இரண்டின் மூலையிலும் இருந்த அச்சு வரியை விரலால் தொட்டார். "ரெண்டும் ஒரே பழைய அளவைத் தாள்ள இருந்து எடுத்தது. ஒரே நம்பர். போட்டா ரெண்டுக்கும் போடணும். போடாட்டி ரெண்டுக்கும் போடக்கூடாது. மனேஜர், செல்லுங்க. போடவா, வேணாமா?"

கிளைட்டன் வாடியைப் பார்த்தார். திரும்பிச் சாப்பாட்டறையைப் பார்த்தார். மாக்கிறட் அக்கா ஏற்கெனவே அங்கே பாதி வழி போயிருந்தார்.

"போடுங்கோ," என்றார், நாடி ஜாமைத் துடைத்துக்கொண்டு.

சுஜாந்தி கணக்கை ஒரு தரம் போட்டாள். ஒரே ஒரு தரம். ஹோட்டல் காணி கடலிலிருந்து எழும்பி றோட்டோரம் போய்ப் படுத்தது. பீற்றரின் பாடு கடலிலிருந்து ஏறி, ஈரம் சொட்டுகிற மாதிரி, கரையில் வந்து நீளமாகக் கிடந்தது. அதன் கிழக்குக் கோட்டுக்கு உள்ளே, நல்ல பத்து மீற்றர் உள்ளே, வலைவாடி.

பீற்றர் காற்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கார்த்திகை மாதத்திலிருந்து அவருடைய பழைய பூட்டு அங்கேதான் இருந்தது.

"படம் சரி," என்றார் பதியுதீன். "ஆனா நான் படத்தை மட்டும் நம்பி எழுதினா நாளைக்கு இவர் கொழும்புக்கு எழுதுவார். ஒரு மூலையாவது நிலத்தில காட்டுங்க. கல்லு இல்லாட்டி கல்லு ஈந்த இடம்."

சுஜாந்தி போனைப் பிடித்துக்கொண்டு தென்கிழக்கு மூலையைத் தேடி நடந்தாள். முப்பது மீற்றர், இருபத்தைந்து, இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம். எல்லோரும் பின்னால் ஊர்வலம் போனார்கள். ஜேர்மன்காரரும் போனார். அவள் ஒரு தாழம்புதர் பக்கம் திரும்பியபோது, அனஸ்தாசியா அங்கே முன்னமே போய், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இந்தா. இதுதான் இடம்."

சுஜாந்தி போனைப் பார்த்தாள். அனஸ்தாசியாவின் காலுக்கு மூன்று மீற்றர் தள்ளிக் காட்டியது. போன் அவ்வளவு பிழை விடும்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பதியுதீன்.

அனஸ்தாசியா கடலைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். பதினெட்டுப் பேரையும் பார்த்தாள். வேறு பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"நான்தான் கிளப்பினன்," என்றாள். "உடுப்புத் தோய்க்கிற கல்லு வெடிச்சுப் போச்சு. இது நல்ல தட்டையாக் கிடந்திச்சு."

"எப்ப?"

"எட்டு வருசம்."

"எட்டு வருசமா அரசாங்கக் கல்லில என்ர சாரத்தை அடிச்சிருக்கிறாய்!" என்றார் பீற்றர்.

"அழுக்குப் போச்சா இல்லையா?"

பதியுதீன் மண்வெட்டி கேட்டார். காலளவு ஆழத்தில் சுண்ணாம்புச் சாந்து வந்தது, சதுரமாக, கல் இருந்த குழியோடு. நாலு பேர் பீற்றரின் வீட்டுக்கு ஓடி, சவர்க்கார நுரையோடு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல் குழிக்குள் கச்சிதமாக இறங்கியது. தோய்க்கும்போது அடியில் கிடந்த பக்கம் இப்போது மேலே வந்தது; அதில் வெட்டியிருந்த நாலு என்ற எண் சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. இலங்கையில் இவ்வளவு சுத்தமான எல்லைக்கல் இருந்திருக்காது.

பதியுதீன் பேனையைத் திறந்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டார். அனஸ்தாசியாவைப் பார்த்து, "ராத்தா, இனி மெசின் ஒண்டு வாங்குங்க," என்றார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு பட்டங்கள் வெளியேறின. சுஜாந்தி சரியான பாட்டை எல்லாப் போன்களுக்கும் அனுப்பியிருந்தாள். பீற்றரின் போன் அனஸ்தாசியாவின் கையில் இருந்தது, சிவப்புப் பொத்தான் அமுங்கியபடியே. கிளைட்டன் வாடிக்குள் ஒவ்வொரு தடவையும் நுழையும்போது அவருடைய சட்டைப்பை கத்தியது.

"ஏய்! ஆரடா அது?"

"அக்கே, நிப்பாட்டுங்கோவன்!"

"எனக்கு இந்தப் போன் பழக்கமில்லத் தம்பி. எது நிப்பாட்டுறது எண்டு தெரியேல்ல."

"தள்ளு! தள்ளடா அங்கால!" என்றது சட்டைப்பை.

ஜேர்மன்காரர் சந்தோசமாக உதவி செய்தார். அவருடைய போனும் கத்தியது. இரண்டு குரலும் கொஞ்சம் முன்பின்னாக வந்ததால் வாடிக்குள் இரண்டு அனஸ்தாசியாக்கள் சண்டை பிடிக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது ஆள் வெளியில் நின்று, கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். மாக்கிறட் அக்கா சாப்பாட்டறையிலிருந்து திரும்பி வந்தார். காணி கை மாறிய செய்தியை ஆறுதலாக, கடைசி முட்டையையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்டார். ஆடு வாயில் ஒரு துடைக்கும் துணி வைத்திருந்தது.

பதினெட்டுப் பேரும் தறப்பாளைக் கிழித்தெறிந்து, வலையைத் தோளில் வரிசையாகத் தூக்கி, பாம்பு மாதிரி வாடிக்குள் நுழைந்தார்கள். ஓட்டை வலைதான். ஆனாலும் தூக்கிய விதம் கோயில் கொடி தூக்கிய விதம். சுஜாந்தி கடைசித் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். விரல் நுனி மணத்தது. கழுவவில்லை.

கிளைட்டன் உள்ளே ஒரு மூலையில் காற்றடிக்கிற பம்பைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தார். தன் பளபளப்பான பூட்டையும் பம்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார், சட்டைப்பை கத்தக் கத்த. வாசலைத் தாண்டியதும் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அனஸ்தாசியா கதவை இழுத்துச் சாத்தினாள். பீற்றர் பையிலிருந்த பழைய பூட்டை எடுத்து, கொளுவி, திறப்பைத் திருப்பினார்.